கண்மாய்க்கு ஓர் இலேசான படகு: பொருளையும் கட்டும் முறையையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

மதுரைப் பக்கத்தில் சிறிய படகு ஒன்று கட்ட நினைப்பவர் முதலில் விசாரிப்பது பெரும்பாலும் கடற்கரைப் பட்டறைகளில்தான். ராமேசுவரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பகுதிகளில் பைபர் வள்ளம் கட்டுவது வேரூன்றிய தொழில். 2004 ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு அது இன்னும் பரவியது. ஆனால் அந்த வள்ளம் அலையை எதிர்த்துப் போகவும், எஞ்சினின் அதிர்வைத் தாங்கவும், மணலில் இழுபடவும் கட்டப்படுவது. வண்டியூர்க் கண்மாயிலோ மாடக்குளத்திலோ ஊர்ப்புறத்துச் சிறிய கண்மாய்களிலோ வலை விரிக்கவும் ஆகாயத்தாமரையை அகற்றவும் தேவைப்படும் படகுக்கு அலையும் இல்லை, எஞ்சினும் இல்லை. அது சந்திக்க வேண்டியவை வேறு: கரை ஏற்றித் தூக்குவது, சேற்றைக் கடப்பது, நீருக்குள் மறைந்திருக்கும் கருவேலங்கட்டை, சித்திரை வெயில். கடல் வள்ளத்தின் கட்டுமானத்தை அப்படியே சுருக்கிக் கண்மாய்க்குக் கொண்டுவந்தால் தேவையற்ற எடையைத்தான் சுமக்க நேரும்.

எடையை முதலில் முடிவு செய்ய வேண்டும்

எந்த ரெசின், எந்தத் துணி என்று கேட்பதற்கு முன் படகு எத்தனை கிலோ இருக்கலாம் என்பதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரை முழுவதும் ஒரே படகை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்: நீளம் 4 மீட்டர், மேல்விளிம்பில் அகலம் 1.2 மீட்டர், பக்க உயரம் 40 செ.மீ., தட்டையான அடி. அடிப்பாகம் ஏறத்தாழ 3.6 சதுர மீட்டரும், இரு பக்கங்களும் பின்பலகையும் சேர்ந்து 3.8 சதுர மீட்டரும் வரும், மொத்தம் 7.5 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் படகில் இருவர் ஏறி, வலையும் மீனுமாக 70 கிலோ வைத்தால், படகின் எடையையும் சேர்த்து மொத்தம் சுமார் 240 கிலோ. நீரைத் தொடும் பரப்பு 3.2 சதுர மீட்டர் என்றால் படகு நீருக்குள் அமிழ்வது ஏறக்குறைய 8 செ.மீ. தான். படகு இன்னும் 20 கிலோ கூடுதலாக இருந்தாலும் அமிழ்வது அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் மட்டுமே அதிகரிக்கும். ஆகவே, மிதப்பதற்காக எடையைக் குறைக்க வேண்டிய தேவை பெரிதாக இல்லை. எடை உறுத்துவது தரையில். மினி லாரியிலிருந்து இறக்கி, கரையின் சரிவில் ஏற்றி, மறுபுறம் இறக்கி, கோடையில் நீர் பின்வாங்கிய பிறகு கணுக்கால் புதையும் சேற்றில் நடந்து நீரைச் சேர வேண்டும். அதைச் செய்யப் பெரும்பாலும் இரண்டு பேர்தான் இருப்பார்கள். ஆளுக்கு 22 கிலோ என்று கொண்டால் படகின் எல்லை 45 கிலோ. இந்த எண்ணைத் தாண்டாத தேர்வுகளை மட்டுமே இனிப் பரிசீலிக்க வேண்டும். தாண்டுபவற்றை எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒதுக்க வேண்டும்.

எடை எங்கிருந்து வருகிறது

பைபர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பொருளில் வலிமையைத் தருவது கண்ணாடி இழை. அதை இறுக்கிப் பிடித்து வைப்பது ரெசின். எடையில் பெரும்பங்கு பல சமயம் ரெசினுடையது. பட்டறைகளில் அதிகம் புழங்கும் மேட், அதாவது வெட்டிய இழைகளைத் தாறுமாறாகப் பரப்பி ஒட்டிய விரிப்பு, ரெசினை மிகுதியாகக் குடிக்கும். கையால் ஒட்டும்போது மேட்டில் கண்ணாடியின் பங்கு எடையில் 30 சதவீதம் அளவில்தான் நிற்கும். நெய்த ரோவிங், அதாவது தடித்த இழைக் கற்றைகளை நெய்த துணி, 45 முதல் 50 சதவீதம் வரை தரும். இழைகளை நெய்யாமல் இரு திசைகளில் அடுக்கித் தைத்த துணியும் கையால் ஒட்டும்போதே 50 சதவீதத்தை எட்டும்.

நமது படகை மோல்டில், அதாவது அச்சில், சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள மேட் மூன்று அடுக்கு, 600 கிராம் ரோவிங் ஓர் அடுக்கு என்று கட்டினால் ஒரு சதுர மீட்டருக்குக் கண்ணாடி 1.95 கிலோ, ரெசின் 3.8 கிலோ, மொத்தம் 5.75 கிலோ ஆகும். 7.5 சதுர மீட்டருக்கு 43 கிலோ. ஜெல்கோட் என்னும் வெளிப்பூச்சு ரெசினுக்கு 4 கிலோ. விளிம்பு, குறுக்குச் சட்டம், இருக்கை, மிதவை அறைகள் எல்லாம் சேர்த்து 15 கிலோ. படகு 62 கிலோவில் வந்து நிற்கும். ஒட்டுபவர் கவனக்குறைவாக ரெசினை ஊற்றி, மேட்டில் கண்ணாடியின் பங்கு 30 சதவீதத்திலிருந்து 25 சதவீதத்துக்கு இறங்கினால், வலிமை சிறிதும் கூடாமல் எடை மட்டும் இன்னும் 7 கிலோ ஏறும். இலேசான படகு வேண்டும் என்று வந்தவரிடம் கார்பன் இழையைப் பற்றிப் பேசுவதைவிட, ரெசினைத் தராசில் நிறுத்து ஊற்றச் சொல்வதுதான் உண்மையான உதவி என்று நான் கருதுகிறேன்.

விறைப்பு தடிமனில் இருக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றத் தேர்வுகள் எளிதாகிவிடும். ஒரு பலகை வளையாமல் நிற்கும் திறன் அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது; தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகையால் அடர்த்தி குறைந்த பொருள், அதே எடையில் தடிமனாக இருப்பதால், அடர்த்தி மிகுந்த வலிமையான பொருளை விறைப்பில் வென்றுவிடுகிறது.

எண்களில் பார்க்கலாம். 4 மி.மீ. மரைன் பிளைவுட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 2.8 கிலோ. அதே எடையில் மேட்டும் ரெசினுமாகச் செய்த தகடு 2 மி.மீ. தடிமன்கூட வராது. இழுத்து நீட்டும் விசைக்கு இரண்டு பொருள்களும் காட்டும் எதிர்ப்பு பெரிதாக மாறுபடுவதில்லை. ஆனால் வளைக்கும்போது பிளைவுட் எட்டு மடங்குக்கும் மேல் விறைப்பாக இருக்கும். மெல்லிய பைபர் படகில் கால் வைத்தால் அடி பிதுங்குவதும், அதைத் தடுக்க மேலும் மேலும் மேட் ஒட்டி எடையைக் கூட்டிக்கொள்வதும் இதனால்தான்.

சாண்ட்விச் கட்டுமானமும் இதே கணக்கில் பிறந்ததே. ஒரு தகட்டை இரண்டு மெல்லிய தோல்களாகப் பிரித்து, நடுவில் இலேசான போமை (நுரைப்பலகையை) வைத்து மொத்தத் தடிமனை இரண்டு மடங்காக்கினால், தோலின் எடை கூடாமலே விறைப்பு 7 மடங்காகும். நான்கு மடங்காக்கினால் 37 மடங்காகும்.

மூன்று வழிகள், ஒரு பரிந்துரை

முதல் வழி, மோல்டில் பாலியெஸ்டர் ரெசினைக் கொண்டு ஒட்டுவது. பொருள் மலிவு, மதுரையில் பைபர் கதவும் தொட்டியும் செய்யும் பட்டறைக்காரர்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் முதலில் மாதிரிப் படகு ஒன்று செய்து, அதன்மேல் மோல்டு எடுத்து, பிறகுதான் படகு எடுக்க முடியும். மோல்டு நெளியாமல் இருக்கப் படகைவிடத் தடிமனாகச் செய்தாக வேண்டும். ஒரே ஒரு படகுக்கு இது வீண் செலவு. ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒரே அளவில் பத்துப் படகு கட்டுவதாக இருந்தால் மோல்டு நிச்சயம் பொருந்தும்; அப்போதும் மேட்டைக் குறைத்து, தைத்த துணியைக் கூட்டி, அடியில் நீளவாட்டில் விலா எழுப்பினால்தான் 62 கிலோ 50 அளவுக்காவது இறங்கும், அதுவும் நமது 45 கிலோ எல்லைக்கு மேல்தான்.

இரண்டாவது, போம் சாண்ட்விச். 10 மி.மீ. தடிமனும் கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியும் உள்ள பி.வி.சி. போமின் இருபுறமும் தைத்த கண்ணாடித் துணியை எப்பாக்ஸி ரெசினால் ஒட்டினால், நமது படகு 33 கிலோ அளவில் முடியும். எடையில் இதை மிஞ்ச எளிய வழி இல்லை. ஆனால் போமின் விலை அதிகம். அதன் வெளித்தோல் முக்கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். நம் கண்மாய்களில் பல இடங்களில் கருவேலங்காடு நின்றிருக்கிறது, மரத்தை வெட்டிய பிறகும் கட்டை நிற்கும். கூரான கட்டைமேல் ஆளும் வலையுமாக ஏறினால் தோல் கிழிந்து, தோலுக்கும் போமுக்கும் இடையில் நீர் புகுந்து, ஒட்டு மெல்ல விடுபடத் தொடங்கும். அது வெளியே தெரியாமல் பரவுவதால் பழுது பார்ப்பதும் கடினம். வைகை அணை நீர்த்தேக்கம் போன்ற ஆழமான, திறந்த நீரில் ஓடும் படகுக்கு இதை மனமாரப் பரிந்துரைப்பேன். கட்டை நிறைந்த கண்மாய்க்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, பிளைவுட்டைத் தைத்து, மூட்டுகளை எப்பாக்ஸியால் நிரப்பி, மேலே கண்ணாடித் துணி போர்த்துவது. 1963 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான மிர்ரர் என்னும் 3.3 மீட்டர் படகு இம்முறையை உலகறியச் செய்தது. ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், வீட்டு மராமத்து வேலைகளைத் தொலைக்காட்சியில் கற்பித்துவந்த பேரி பக்னெலும் சேர்ந்து, தச்சு தெரியாதவரும் வீட்டிலேயே கட்டும்படி அதை அமைத்தார்கள். அதன் உடல் 45 கிலோ அளவு. நமது படகில் அடிக்கு 6 மி.மீ., பக்கங்களுக்கு 4 மி.மீ. பிளைவுட் என்றால் மரம் 26 கிலோ. கண்ணாடித் துணி, ரெசின், மூட்டுப் பட்டை எல்லாம் 11 கிலோ. விளிம்பும் இருக்கையும் 7 கிலோ. ஆக 44. எல்லைக்குள் வந்துவிட்டது. மோல்டு வேண்டாம், அரிய கருவி எதுவும் வேண்டாம், கட்டையில் மோதினால் பிளைவுட் தாங்கும், தாங்காவிட்டாலும் உடைந்த இடம் கண்ணுக்குத் தெரியும். ஒன்றோ இரண்டோ படகு கட்டுபவருக்கு என் பரிந்துரை இதுவே. மீதிக் கட்டுரை பெரும்பாலும் இம்முறையைப் பற்றியது.

வெற்றிடப் பம்பு வைத்து ரெசினை உறிஞ்சவிடும் முறையைப் பற்றியும் கேட்பார்கள். கண்ணாடியின் பங்கை 60 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோகும் சிறந்த முறை அது. ஆனால் ஒரு சிறு காற்றுக் கசிவு முழுப் படகையும் பாழாக்கும். கோடை வெப்பத்தில் ரெசின் பாதி வழியிலேயே இறுகிவிடும் அபாயமும் உண்டு. தொடர்ந்து கட்டுபவர்களுக்கு உரியது என்று விட்டுவிடலாம்.

பிளைவுட்டைப் பார்த்து வாங்குதல்

ஐ.எஸ். 710 என்ற தர எண் அச்சிட்ட மரைன் பிளைவுட்டையே வாங்க வேண்டும். ஐ.எஸ். 303 என்பது வீட்டு மரச்சாமான்களுக்கான பொதுவகை. விலை குறைவு என்று அதை எடுக்கக் கூடாது. முத்திரையை மட்டும் நம்பாமல், ஒரு ஷீட்டின் ஓரத்தை உற்றுப் பார்க்க வேண்டும். உள்ளடுக்குகள் ஒன்றோடொன்று இடைவெளியின்றிச் சேர்ந்திருக்க வேண்டும். அங்கங்கே கறுப்பாகச் சிறு பொந்து தெரிந்தால் அந்த ஷீட்டின் உள்ளேயும் பொந்து இருக்கும், அங்கேதான் நீர் தேங்கும். கடைக்காரரிடம் கையகலத் துண்டு ஒன்று வாங்கிவந்து, பழைய பாத்திரத்தில் போட்டு நாள் முழுவதும் கொதிக்க வைத்துப் பார்ப்பது நல்லது. ஐ.எஸ். 710 பலகை 72 மணி நேரக் கொதிப்பைத் தாங்க வேண்டியது. ஒரே நாளில் ஓரம் விரிந்து இதழ் பிரிந்தால் அந்தச் சரக்கைத் தொட வேண்டாம்.

8க்கு 4 அடி ஷீட்டாக 6 மி.மீ. இரண்டும் 4 மி.மீ. இரண்டும் போதும். நீளம் 4 மீட்டர் என்பதால் ஷீட்டை நீளவாட்டில் இணைத்தாக வேண்டும். இணைக்கும் இரு ஓரங்களையும் தடிமனைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாக இழைத்து, 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. சரிவு என்ற அளவில், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுவதே சிறந்தது. இழைப்புளியைப் பிடித்துப் பழகாதவர்கள் ஓரத்தோடு ஓரம் சேர்த்து, இருபுறமும் கண்ணாடிப் பட்டை ஒட்டினாலும் போதும்.

விளிம்புச் சட்டத்துக்குத் தேக்கு நல்லது. எடையைக் குறைக்க மலைவேம்பைப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு விரல் இடம்கூட விடாமல் எப்பாக்ஸி பூசி மூட வேண்டும்.

எந்த ரெசின்

மரத்தின்மேல் பாலியெஸ்டர் ரெசினைப் பூசக் கூடாது. அது மரத்தை உறுதியாகப் பற்றுவதில்லை. மரம் ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்கும்போது தகடு தகடாக உரிந்துவிடும், உரிந்த இடத்துக்குள் நீர் நின்று மரம் உளுக்கும். மரத்துக்கு எப்பாக்ஸிதான். பாலியெஸ்டருக்கென்று செய்த மேட்டை எப்பாக்ஸியோடு சேர்ப்பதும் தவறு. அந்த மேட்டின் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவது. எப்பாக்ஸியில் ஸ்டைரீன் இல்லாததால் மேட் விறைத்தபடியே நின்று, மூலைகளில் படியாது. எப்பாக்ஸிக்கு நெய்த துணியோ தைத்த துணியோதான் பொருந்தும். அதுபோலவே தெர்மாகோலைப் பாலியெஸ்டர் தொட்டால் தெர்மாகோல் கரைந்துபோகும். எப்பாக்ஸி அதை ஒன்றும் செய்யாது.

நம்மூரில் எளிதில் கிடைக்கும் எல்.ஒய். 556 எப்பாக்ஸி ரெசினையும், அதை இறுகவைக்கும் எச்.ஒய். 951 ஹார்டனரையும் எடையில் 100க்கு 10 என்று கலப்பார்கள். அந்த ரெசின் கெட்டியானது. துணியை நனைக்கச் சற்று அதிகமாக ஊற்றத் தோன்றும். துணி ஒட்டுவதற்கென்றே வரும் இளகிய ரெசினும், மெதுவாக இறுகும் ஹார்டனரும் கிடைத்தால் அவற்றை வாங்குவது நல்லது. இப்படகுக்கு இரண்டும் சேர்ந்து 10 கிலோ போதும். ஹார்டனரைக் கூட்டினால் விரைவில் இறுகும் என்று நினைப்பது பாலியெஸ்டரில் பழகியவர்களின் வழக்கம். எப்பாக்ஸியில் விகிதம் மாறினால் அது என்றைக்குமே முழுமையாக இறுகாது. ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

மோல்டில் பாலியெஸ்டரால் கட்டுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். சவ்வூடு பரவலால் பைபரில் எழும் கொப்புளம் உப்பு நீரைவிட நன்னீரில், அதுவும் வெதுவெதுப்பான நன்னீரில், விரைவாக எழும். எனவே நீரிலேயே கட்டிக்கிடக்கும் படகுக்குச் சாதாரண ரெசின் வேண்டாம். ஐசோப்தாலிக் வகையையோ, வெளியடுக்குக்கு வினைல் எஸ்டரையோ கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது உயிர் பற்றியது. கடையில் ரெசினோடு தனித்தனியாகத் தரும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் இறுகவைக்கும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் போட்டு நன்கு கலக்கிய பிறகே, தனியாகக் கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து என்பதால் கண்ணாடி அணிந்தே அளக்க வேண்டும். வெயில் காலம் என்று கேட்டலிஸ்டை 1 சதவீதத்துக்குக் கீழே குறைப்பதும் கூடாது. ரெசின் அரைகுறையாக இறுகி நின்றுவிடும்.

கார்பன், கெவ்லார், நார்

கார்பன் இழை மிக விறைப்பானது. ஆனால் விறைப்பைத் தடிமனாலேயே பெற்றுவிட்ட நமது படகுக்கு அது எதையும் சேர்ப்பதில்லை. மோதினால் சட்டென உடையும், அலுமினியத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்கும். கெவ்லார் என்னும் செயற்கை இழை கிழியாது என்பது உண்மைதான். ஆனால் தேய்த்தால் பஞ்சாகப் பிரியும், அழுத்த விசையைத் தாங்காது. வாழைநாரும் சணலும் ஈரத்தை உறிஞ்சும், படகுக்கு வேண்டாம்.

வெயிலோடு வேலை செய்யும் நேரம்

வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் எப்பாக்ஸி கைக்கு இசையும் நேரம் ஏறத்தாழ பாதியாகும். 25 டிகிரியில் அரை மணி நேரம் தரும் கலவை, அக்கினி நட்சத்திர நாள்களில் கால் மணி நேரத்துக்குள் சூடேறிப் புகையத் தொடங்கும். ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்காமலும், கலந்தவுடன் கிண்ணத்தில் வைத்திருக்காமல் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பியும் வேலை செய்தால் கூடுதல் நேரம் கிடைக்கும். கலவை திரண்டு நிற்கும்போதுதான் தன் சூட்டிலேயே தான் வேகும். மீந்ததை மணல்மேல் கொட்டிவிட வேண்டும்.

விடியற்காலையில் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அப்போது மரத்துக்கு முதல் பூச்சுப் பூசுபவர்கள் உண்டு. பொழுது ஏற ஏற மரத்தின் துளைகளில் உள்ள காற்று விரிந்து, பூச்சு முழுவதும் குமிழி குமிழியாகக் கிளம்பும். மாலை 4 மணிக்கு மேல், மரம் சூடு தணியத் தொடங்கும்போது பூசினால் காற்று உட்புறமாகச் சுருங்கி ரெசினையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே மரத்தில் நேரடியாகப் பூசும் வேலைகள் மாலையில், இறுகிய பூச்சின்மேல் செய்பவை காலையில் என்று பிரித்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் இறுகிய எப்பாக்ஸியின்மேல் மெழுகு போன்ற ஒரு படலம் படியும். அதைத் தேய்ப்பதற்கு முன்பே தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்த் துண்டும் கொண்டு கழுவிவிட வேண்டும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் படலம் பள்ளங்களுக்குள் அப்பிக்கொண்டு அடுத்த பூச்சை ஒட்டவிடாது. என்னைக் கேட்டால் தை முதல் பங்குனி முடியும் வரைதான் இங்கே படகு கட்ட ஏற்ற காலம்.

தைப்பதும் நிரப்புவதும்

பலகைகளை வரைபடத்தின்படி அறுத்து, ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே, சாணுக்கு ஒன்றாகத் துளையிட்டு, மெல்லிய செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைக்க வேண்டும். படகின் வடிவம் இப்போதே வந்துவிடும். மூலைக்கு மூலை குறுக்காகக் கயிறு பிடித்து அளந்து, முறுக்கு இருந்தால் இப்போதே நிமிர்த்த வேண்டும். ரெசின் இறுகிய பிறகு எந்தச் சக்தியாலும் நிமிர்த்த முடியாது.

அடுத்து உள்மூலைகளை நிரப்ப வேண்டும். எப்பாக்ஸியை முதலில் தனியாகக் கலந்துவிட்டு, மர அறுவை ஆலையில் கிடைக்கும் நுண்ணிய தூளை வெள்ளைத் துணியில் சலித்துச் சேர்த்து, அது வழியாமல் நிற்பதற்காக ஏரோசில் பொடியும் கொஞ்சம் சேர்த்துப் பிசைய வேண்டும். பதம் உளுந்த வடை மாவின் பதம்: குச்சியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும், ஆனால் விரலால் இழுத்தால் வழவழவென்று நீள வேண்டும். பி.வி.சி. குழாயின் நுனியைச் சாய்வாக அறுத்து, அதை மூலையில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தால் வளைவான, சீரான நிரப்பு அமையும். இருபுறமும் பிதுங்கியதை உடனே வழித்துவிட வேண்டும். நிரப்பு முழுவதும் இறுகுவதற்கு முன்பே, அதன்மேல் 75 மி.மீ. அகலக் கண்ணாடிப் பட்டையை வைத்து ரெசினால் நனைத்துவிட்டால், இரண்டும் ஒன்றாகவே இறுகிக்கொள்ளும். தேய்க்கும் வேலையும் மிச்சம்.

பிறகு படகைக் கவிழ்த்து, கம்பிகளை வெட்டி, வெளி மூலைகளை விரல் பருமனுக்கு உருட்டையாக இழைக்க வேண்டும். கூரான மூலையில் துணி படியாமல் தூக்கிக்கொண்டு, உள்ளே காற்று நிற்கும்.

துணி போர்த்துவதில் கவனிக்க வேண்டியது

வெளிப்புறம் முழுவதும் 200 கிராம் நெய்த துணி ஓர் அடுக்கு, அடிப்பாகத்துக்கு மட்டும் இன்னோர் அடுக்கு. வறண்ட துணியைப் படகின்மேல் விரித்து, சுருக்கம் நீங்கத் தடவிவிட்டு, நடுவில் கொஞ்சம் ரெசினை ஊற்றி ஓரங்களை நோக்கித் தள்ள வேண்டும். தள்ளுவதற்குப் பெயிண்டு வாளி மூடியிலிருந்து வெட்டிய ஒரு பிளாஸ்டிக் துண்டே போதும். வெண்ணிறமாக இருந்த துணி, ரெசின் ஏற ஏறக் கண்ணெதிரே மறைந்து, அடியில் உள்ள மரத்தின் ரேகை தெளிவாகத் தெரியத் தொடங்கும். எங்காவது வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் அங்கே ரெசின் போதவில்லை. எங்காவது கண்ணாடிபோல் பளபளத்தால் அங்கே ரெசின் மிகுதியாகித் துணி மரத்தை விட்டு மிதக்கிறது. அதை வழித்து வறண்ட இடத்துக்குத் தள்ள வேண்டும். சாய்ந்து பார்க்கும்போது மங்கலான மினுக்கமும், நெசவின் கட்டம் கட்டமான மேடுபள்ளமும் தெரிய வேண்டும். அதுதான் சரியான அளவு. அந்த மேடுபள்ளத்தை நிரப்ப, கைக்கு ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே ரோலரால் மெல்லிய பூச்சு இரண்டு தந்தால் போதும். முதல் தடவையிலேயே ஊற்றி நிரப்ப முயல்வதால்தான் படகு கனத்துப்போகிறது.

ரெசினின் எடை துணியின் எடைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதைக் கணக்காக வைத்துக்கொண்டு, போர்த்தும் துணியை முன்பே எடை போட்டு, அதே அளவு கலவையை மட்டும் 200, 200 கிராமாகக் கலக்கினால் தவறுக்கே இடமிராது. படகைத் தொடுவதற்கு முன் 30 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றில் இதைச் செய்து பார்க்க வேண்டும். அதன் எடையை 11 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு வருகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு செங்கல்மேல் வைத்து மிதித்தும் சுத்தியலால் தட்டியும் பார்த்தால் மீதியும் தெரியும்.

அடியில் நீளவாட்டில் மூன்று தேக்குச் சட்டங்களை ஒட்டிவிட்டால் கட்டையின் உரசலை அவை வாங்கிக்கொள்ளும், அடியும் விறைக்கும். முன், பின் இருக்கைகளுக்குக் கீழே மூடிய அறைகள் அமைத்து, மொத்தம் 100 லிட்டருக்குக் குறையாமல் மிதவை வைக்க வேண்டும். மூடி இறுக்கிய காலித் தண்ணீர்ப் பாட்டில்களை நெருக்கமாக அடுக்கினாலே போதும். அறையில் விரிசல் விழுந்து நீர் புகுந்தாலும் பாட்டில்களில் காற்று இருக்கும். பிளைவுட் படகாவது தானே ஓரளவு மிதக்கும். மோல்டில் கட்டிய பைபர் படகு நீர் நிறைந்தால் மூழ்கிவிடும் என்பதால் அதில் மிதவை அறை இல்லாமல் யாரையும் ஏற்றக் கூடாது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: நைட்ரைல் கையுறை இல்லாமல் எப்பாக்ஸியைத் தொடக் கூடாது, ஏனெனில் ஒருமுறை ஒவ்வாமை வந்தால் அது வாழ்நாள் முழுவதும் தொடரும். கையில் பட்டதைத் தின்னரால் துடைத்தால் தோலுக்குள் இறங்கும். சோப்புதான் போட வேண்டும். தேய்க்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம்.

வெள்ளை நிறம், நிழல், பழுது

அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்ஸி 50 முதல் 60 டிகிரிக்குள் இளகத் தொடங்கும். கரும்பச்சையோ கறுப்போ அடித்த படகு கரையில் வெயிலில் கவிழ்ந்து கிடந்தால் அதன் மேற்பரப்பு அந்த அளவைத் தாண்டிவிடும். ஆகவே வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் நிறம் மட்டுமே அடிக்க வேண்டும். எப்பாக்ஸியை வெயில் அரித்து மாவாக்கும் என்பதால் பெயிண்டு அடிக்காமல் விடவும் கூடாது. இரண்டு கூறாக வரும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டு நெடுநாள் நிற்கும். பெயிண்டுக்கு முன்பு ஒரு காரியம் செய்யலாம்: கட்டிமுடித்த படகைச் சமமாக முட்டுக்கொடுத்து நிறுத்தி, கறுப்புத் தார்ப்பாய் மூடி, சில நாள் பகல் வெயிலில் வைத்தால், அந்தச் சூட்டில் ரெசின் மேலும் இறுகிப் பின்னாளின் வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். முட்டு சமமாக இல்லாவிட்டால் படகு கோணலாகவே இறுகிவிடும் என்பதால் நான்கு இடங்களிலாவது தாங்கல் வேண்டும்.

வேலை முடிந்ததும் நீரிலிருந்து எடுத்து, மர நிழலில் கவிழ்த்து வைப்பதுதான் பராமரிப்பில் முக்கால்வாசி. ஆண்டுக்கு ஒருமுறை, நீர் வற்றும் மாதத்தில், அடிப்பாகத்தை விரல் நகத்தால் தட்டிக்கொண்டே வர வேண்டும். கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று ஒலிக்கும் இடத்தில் துணி விடுபட்டிருக்கும். அந்த இடத்தில் துணியை அறுத்தெடுத்து, மரத்தை இரண்டு மூன்று நாள் நன்கு காயவிட்டு, சுற்றிலும் ஐந்து செ.மீ. அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டித் தேய்த்து, முதலில் சிறிய துண்டும் அதன்மேல் பெரிய துண்டுமாக இரண்டு அடுக்குத் துணி ஒட்ட வேண்டும். மரம் காயாமல் ஒட்டினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு அந்த இடம் உளுத்துவிடும். இதற்கென்று அரை கிலோ ரெசினையும் அதற்குரிய ஹார்டனரையும் ஒரு மீட்டர் துணியையும், கட்டும்போதே ஒதுக்கி வீட்டில் நிழலான இடத்தில் மூடி வைத்துக்கொள்ள வேண்டும்.